ஜப்பானில் ஒரு பள்ளி ஆண்டு: பரிமாற்ற மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை

மேல்நிலைப் பள்ளி வயதில் ஜப்பானுக்குப் போய், ஒரு ஜப்பானியக் குடும்பத்தோடு தங்கி, அங்குள்ள பள்ளியில் படிக்கப்போகும் பிள்ளைகளுக்காக இதைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் காதில் விழுந்தபடியே கொடுத்திருக்கிறோம். விசா, விமானச் சீட்டு போன்றவற்றை அனுப்பும் அமைப்பு பார்த்துக்கொள்ளும். அவர்கள் கையேட்டில் வராத அன்றாட விஷயங்கள்தான் இங்கே அதிகம்.

இது படிப்பா, டூரா? யார் அனுப்புறாங்க?

படிப்புதான், ஆனால் மதிப்பெண்ணுக்கான படிப்பு அல்ல. ஏ.எஃப்.எஸ். போன்ற அமைப்புகளும் ரோட்டரி இளைஞர் பரிமாற்றத் திட்டமும் பிள்ளைகளை அனுப்புகின்றன. முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டர்கள் தொடங்கியது ஏ.எஃப்.எஸ்.; 1947 முதல் மாணவர்களை அனுப்பிவருகிறது. பொதுவாக சில மாதங்கள் முதல் ஒரு பள்ளி ஆண்டு வரை தங்கலாம். ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆகஸ்டு, செப்டம்பரில் போய்ச் சேருகிறவர்கள் நடு ஆண்டில் ஒரு வகுப்புக்குள் நுழைவார்கள்.

வித்தியாசம் ஒன்று உண்டு. ஏ.எஃப்.எஸ். முடிந்தவரை ஒரே குடும்பத்தில் வைக்கும். ரோட்டரியில் ஒரு வருடத்துக்குள் மூன்று நான்கு குடும்பங்கள் மாறுவது வழக்கம். இரண்டிலும் வண்டி ஓட்டக் கூடாது, போதைப்பொருள் கூடாது. இந்த விதிகளை மீறினால் பேச்சே கிடையாது, அடுத்த விமானத்தில் வீடுதான்.

ஜப்பானிய மொழி சுத்தமா தெரியாது. போகலாமா?

போகலாம், ஆனால் ஹிராகனா, கதகனா என்ற இரண்டு எழுத்து வரிசைகளையும் கிளம்புவதற்கு முன் படித்துவிடுங்கள். தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதம் போதும். வீட்டிலும் பள்ளியிலும் ஆங்கிலத்தை நம்பி இருக்க முடியாது.

தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. வாக்கிய அமைப்பு கிட்டத்தட்ட நம்முடையதே: வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘தாபெத்தே மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’. ‘தாபெத்தே’ சாப்பிட்டு, ‘மிரு’ பார். வெளியே போகும்போது ‘இத்தே கிமாஸ்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் ‘போயிட்டு வரேன்’. அதற்குப் பதில் ‘இத்தேராஷ்ஷாய்’, அதாவது ‘போயிட்டு வா’. ஆகவே ஆங்கிலம் வழியாக மொழிபெயர்க்காமல் தமிழிலிருந்தே நேராகப் போங்கள். (இதை வைத்துத் தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. உங்களுக்கு வேண்டியது இலக்கண ஒற்றுமை மட்டும்தான்.)

முதல் நாளிலிருந்தே வாயில் வர வேண்டிய வார்த்தைகள் ஏழு. காலையில் ‘ஒஹாயோ கொசாய்மாஸ்’, கிளம்பும்போது ‘இத்தே கிமாஸ்’, திரும்பி வந்ததும் ‘ததாய்மா’, வீட்டில் வேறு யாராவது வந்தால் ‘ஒகாயெரி’, சாப்பிடும் முன் ‘இததாகிமாஸ்’, சாப்பிட்டபின் ‘கொச்சிசோசமா’, படுக்கப்போகும்போது ‘ஒயசுமி’. இவற்றைச் சொல்லாமல் நேரே அறைக்குள் போவதைக் கோபமாக எடுத்துக்கொள்வார்கள்.

பெட்டியில என்ன வைக்கலாம், எதை எடுத்தா ஏர்போர்ட்ல மாட்டுவோம்?

இறைச்சி சேர்ந்த எதுவும் கூடாது; கோழி ஊறுகாய், மட்டன் ஊறுகாயும் இதில் அடங்கும். பழம், பச்சை இலை, விதை வகைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். எனவே பாட்டி பறித்துக் கொடுத்த கறிவேப்பிலையையும் மாங்காயையும் சென்னையிலேயே விட்டுவிடுங்கள். கடையில் வாங்கிய, உறை பிரிக்காத மசாலாப் பொடிகளால் பொதுவாகச் சிக்கல் வராது.

மருந்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். மூக்கடைப்பு மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுவரத் தடை. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை ஒரு மாத அளவு வரை கொண்டு போகலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் முன்கூட்டியே ‘யுன்யு காகுனின்ஷோ’ என்ற அனுமதி பெற வேண்டும். மாத்திரைகளை அட்டையோடும் சீட்டோடும் வையுங்கள், வேறு டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள்.

அன்பளிப்பு விலை உயர்ந்ததாக இருக்க வேண்டாம். தனித்தனியாக உறையிட்ட சிறு தின்பண்டம் நல்லது. பள்ளிக்கும் அக்கம்பக்கத்துக்கும் பங்கிடலாம். கடலைமிட்டாய் பொருத்தமாகத் தெரியும், ஆனால் நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறங்கின உடனே என்னென்ன பேப்பர் வேலை?

நரிதா, ஹனெதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் குடியிருப்பு அட்டையை அங்கேயே தருவார்கள். 16 வயது நிரம்பியவர்கள் அதை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் வீட்டில் இருக்கட்டும். குடியேறிய 14 நாட்களுக்குள் ஊர் நிர்வாக அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். நீங்கள் தங்கும் வீட்டுக்காரர்கள் கூட வருவார்கள். தேசிய மருத்துவக் காப்பீட்டு வேலையும் பெரும்பாலும் அதே கவுன்டர்களில் முடிந்துவிடும்.

பெயர் ஒரு தனித் தலைவலி. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அங்குள்ள படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எழுதுங்கள். இனிஷியலை விரித்தும் சுருக்கியும் மாற்றி மாற்றி எழுதினால் காப்பீட்டுப் பதிவில் ஒரு ஆள், பள்ளியில் இன்னொரு ஆள் ஆகிவிடுவீர்கள். கதகனாவில் பெயரை எழுதும் முறையையும் முதல் நாளே ஒன்றாக முடிவு செய்துகொள்ளுங்கள். யாழினி என்ற பெயரில் வரும் ‘இசட்-எச்’சைப் பார்த்து ‘யாஜினி’ என்றுதான் படிப்பார்கள். அங்கே ழ, ள, ல, ர எல்லாம் ஒரே எழுத்து. ‘யாரினி’ என்று எழுதித் தந்தால் வருடம் முழுக்க ஓரளவு சரியாகக் கூப்பிடுவார்கள்.

வீட்டுக்குள்ள செருப்பு விஷயத்துல ரொம்ப கறாரா இருப்பாங்களாமே?

நம் வீட்டிலும் வாசலில்தானே கழற்றுகிறோம், அதனால் பாதி பாடம் ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி இது: வாசலில் உள்ள தாழ்ந்த பகுதி ‘கெங்கான்’. அங்கே செருப்பைக் கழற்றி, வெறுங்காலை அந்தத் தரையில் வைக்காமல் நேரே மேல்படியில் ஏற வேண்டும். பிறகு குனிந்து செருப்பின் முனை வாசலைப் பார்க்குமாறு திருப்பி வைக்க வேண்டும்.

உள்ளே போட ஸ்லிப்பர் தருவார்கள். ‘ததாமி’ பாய் விரித்த அறைக்குள் அதுவும் கூடாது. கழிவறைக்கென்று வேறு ஸ்லிப்பர் இருந்தால் அங்கே மாற்றிப் போட்டு, அங்கேயே விட்டு வர வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்து நிற்காத பரிமாற்ற மாணவர் அபூர்வம்.

ஒரே தொட்டித் தண்ணியில எல்லாருமா குளிக்கிறாங்க? எனக்குக் கஷ்டமா இருக்கு.

தொட்டியில் யாரும் குளிப்பதில்லை. தொட்டிக்கு வெளியே, தரையில், சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து சோப்பு, ஷாம்பு எல்லாம் போட்டு முழுவதும் அலசிய பிறகு, சுத்தமான உடம்போடு 40 முதல் 42 டிகிரி வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்ந்திருப்பது. துண்டு தண்ணீரில் படக் கூடாது, நீளமான கூந்தலை உச்சியில் கட்டிக்கொள்ள வேண்டும். எழுந்ததும் மூடியைப் போட்டு மூடுங்கள், அடைப்பானை இழுத்துவிடாதீர்கள். உங்களுக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கலாம். பல வீடுகளில் அதே நீரை மறுநாள் துணி துவைக்கவும் எடுப்பார்கள். குளிப்பது இரவில். காலையில் குளித்துத்தான் ஆக வேண்டும் என்றால் ‘ஷவர் மட்டும் எடுத்துக்கொள்ளலாமா’ என்று கேளுங்கள். சத்தமும் எரிவாயுச் செலவும் அவர்களுக்குக் கணக்கு.

எண்ணெய்க் குளியல் கேள்வியும் இதோடு வரும். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு தொட்டியில் இறங்கினால் மேலே படலம் மிதக்கும். சீயக்காய்த் தூள் வடிகால் வலையை அடைக்கும். எண்ணெய் வைத்தால் அன்றே ஷாம்பு போட்டு நன்றாக அலசுங்கள். எண்ணெய்த் தலையோடு அவர்கள் தலையணையில் படுக்காதீர்கள். மாதவிடாய் நாட்களில் தொட்டியில் இறங்காமல் ஷவரோடு நிறுத்திக்கொள்வது பொதுவான வழக்கம். வீட்டு அம்மாவிடம் ‘செய்ரி’ என்று ஒரு சொல் சொன்னால் புரிந்துகொள்வார்கள். நாப்கினைத் தாளில் சுற்றிக் கழிவறையிலிருக்கும் மூடி போட்ட சின்னத் தொட்டியில் போட வேண்டும்.

பாத்ரூம்ல தண்ணி இருக்குமா?

வீட்டில் பெரும்பாலும் இருக்கும்; பொத்தானை அழுத்தினால் வெந்நீர் பீய்ச்சும் இருக்கை அங்கே சாதாரணம். பள்ளியிலும் பழைய நிலையங்களிலும் நம்மூர் போலக் குந்தி உட்காரும் கழிப்பறையும் உண்டு. அதில் குவிந்த பக்கத்தைப் பார்த்து உட்கார வேண்டும். காகிதத்தைக் குப்பையில் சேர்க்காமல் உள்ளேயே போட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்துவிடும் வகைதான்.

நான் சைவம். அங்க போய் பட்டினி கிடக்கணுமா?

பட்டினி இல்லை, ஆனால் ‘நான் வெஜிடேரியன்’ என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அந்தச் சொல்லுக்கு ‘இறைச்சித் துண்டு சாப்பிடமாட்டார்’ என்றுதான் பலர் பொருள் எடுத்துக்கொள்வார்கள். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் ‘தாஷி’ என்ற சாறு. பெரும்பாலும் உலர்த்திய சூரை மீன் சீவலில் எடுப்பது. மிசோ சூப், காய்கறிக் குழம்பு, நூடுல்ஸ் சாறு, முட்டைச் சுருள், இனிப்பான இனாரி சுஷி என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே மூன்று பட்டியல் எழுதி அனுப்புங்கள்: கண்டிப்பாகக் கூடாதவை, கண்ணுக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை என்பவை, தாராளமாகச் சாப்பிடுபவை. முட்டை, பால், மீன் சாறு, மாட்டுக் கொழுப்பு ஒவ்வொன்றும் எந்தப் பட்டியலில் வருகிறது என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். மீன் சாறுகூடக் கூடாது என்றால் ‘கொம்பு தாஷி’ கேளுங்கள். அது மாட்டுக் கொம்பு அல்ல, கடற்பாசி! உலர்ந்த ஷிட்டாக்கே காளானிலும் சாறு எடுப்பார்கள். மீன் சாறைக்கூட ஏற்காத முட்டையும் இல்லாத சைவமாக இருந்தால், உங்களை ஏற்கும் குடும்பங்களின் எண்ணிக்கை குறையும். மனம் நோகும் உண்மைதான், ஆனால் போன பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஏமாற்றும் பொருட்கள்: கடையில் விற்கும் குழம்புக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருப்பது வழக்கம். ‘காய்கறி’ என்று போட்ட கப் நூடுல்ஸில் இறைச்சிச் சாறு இருக்கும். சிப்ஸ் மேல் கான்சொமே என்ற இறைச்சிச் சாறுப் பொடி, ஜெல்லி மிட்டாயில் ஜெலட்டின், நத்தோ என்ற புளிக்கவைத்த சோயாவோடு வரும் சின்னப் பொட்டலத்துச் சாஸில் மீன் சாறு. பொட்டலத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் ஒவ்வாமைப் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு போன்ற சில பொருட்களைத்தான் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டும், இறைச்சி அதில் இல்லை. அவசரத்துக்குக் கடைகளில் கிடைக்கும் உப்பு அரிசி உருண்டை நல்லது. புளிப்பான உமெபொஷிக் காய் வைத்ததையும் வாங்கலாம், ஆனால் சில தயாரிப்புகளில் மீன் சாறு சேர்ப்பதால் பின்னட்டையைப் பாருங்கள். டோஃபு, வேகவைத்த பச்சை சோயா, சக்கரைவள்ளிக் கிழங்கு, தயிர் எல்லா ஊரிலும் உண்டு.

கையால சாப்பிட்டா தப்பா நினைப்பாங்களா?

சோற்றைப் பிசைந்து சாப்பிட்டால் சங்கடப்படுவார்கள். அரிசி உருண்டை, சுஷி, ரொட்டி எல்லாம் கையால் சரி. குச்சியில் இரண்டு தவறுகள் பெரியவை: சோற்றில் நட்டு நிறுத்துவது, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவு மாற்றுவது. இரண்டும் இறுதிச் சடங்கில் செய்பவை. சோற்றுக் கிண்ணத்தை இடது கையில் தூக்கிப் பிடித்துச் சாப்பிடுவதுதான் அங்கே மரியாதை. மேஜையில் வைத்துக் குனிந்து சாப்பிடுவது இல்லை. நூடுல்ஸை உறிஞ்சும் சத்தம் குற்றமே அல்ல.

வீட்டுல நான் விருந்தாளியா? வேலை செய்யச் சொல்வாங்களா?

முதல் மூன்று நாள் விருந்தாளி. அப்புறம் வீட்டுப் பிள்ளை. சொல்லமாட்டார்கள், ஆனால் எதிர்பார்ப்பார்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்து அலசி வையுங்கள், ஃபுத்தோன் மெத்தையைக் காலையில் மடித்து அலமாரியில் வையுங்கள், துவைக்கும் துணியை இரவே கூடையில் போடுங்கள். ‘நான் என்ன உதவி செய்யட்டும்?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘வேண்டாம், வேண்டாம்’ என்பார்கள். ‘வாரம் முழுக்கக் குளியல் தொட்டியை நான் தேய்க்கிறேன்’ என்று ஒரு வேலையைக் குறிப்பிட்டுக் கேட்டால் ஒத்துக்கொள்வார்கள்.

குப்பை தனிக் கலை. எரியக்கூடியது, எரியாதது, பிளாஸ்டிக், பெட் பாட்டில், டின், காகிதம் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை. பாட்டிலின் மூடியையும் மேலொட்டியையும் கழற்றி, உள்ளே கழுவிப் போட வேண்டும். பல ஊர்களில் ஊராட்சி குறித்த பைதான் செல்லும். காலை 8 மணிபோல வெளியே வைத்துவிட வேண்டும். முந்தைய இரவே வைத்தால் காக்கை கிழித்துத் தெருவெல்லாம் இறைக்கும். தவறான பை அங்கேயே திரும்ப நிற்கும், அது எந்த வீட்டுப் பை என்று தெருவுக்கே தெரியும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் நாட்காட்டியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூல் ஒரு நாள் எப்படிப் போகும்?

வாசலில் காலணியை மாற்றி ‘உவாபாகி’ என்ற உள்காலணி போட வேண்டும். 50 நிமிட வகுப்புகள், ஒரு நாளைக்கு ஆறு. ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஒருவர் ‘கிரிட்ஸு’ என்றதும் எல்லோரும் எழுந்து, ‘ரே’ என்றதும் குனிந்து வணங்கி உட்காருவார்கள். மாலையில் மாணவர்களே வகுப்பறை, படிக்கட்டு, கழிவறை எல்லாம் கூட்டித் துடைப்பார்கள். துடைப்பத்தை ஒருபோதும் கையில் எடுக்காத பிள்ளைகள் கிளம்பும் முன் வீட்டில் பழகிக்கொள்ளட்டும். மேல்நிலைப் பள்ளியில் மதிய உணவு பெரும்பாலும் வீட்டு ‘பெந்தோ’ டப்பா. அதை வீட்டு அம்மா விடியற்காலையில் எழுந்து செய்திருப்பார். டப்பாவை அன்று மாலையே பையிலிருந்து எடுத்துக் கழுவி வைப்பதுதான் அதற்கு நன்றி.

சீருடை ஜூன் 1இல் கோடைக்கும் அக்டோபர் 1இல் குளிருக்கும் மாறுவது பழைய வழக்கம். வெயில் நீடிப்பதால் பல பள்ளிகள் தேதியைத் தளர்த்திவிட்டன. பாடம் புரியாமல் உட்கார்ந்திருப்பது முதல் மூன்று மாதம் சகஜம். கரும்பலகையில் உள்ளதை அப்படியே நோட்டில் எழுதுங்கள், தூங்காதீர்கள். பக்கத்தில் உள்ளவர்கள் தூங்கினாலும்.

மூக்குத்தி, கம்மல், பொட்டு, கையில சாமிக் கயிறு... விடுவாங்களா?

பல பள்ளிகள் துளையிட்ட ஆபரணம், தலைச்சாயம், ஒப்பனை எல்லாவற்றையும் தடை செய்கின்றன. மத அடையாளம் என்று எழுத்தில் சொன்னால் கயிறுக்கும் பொட்டுக்கும் அனுமதி கிடைப்பது எளிது. மூக்குத்தியும் கம்மலும் கடினம். துளை அடைந்துவிடும் என்பதுதான் பயமென்றால், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குச்சியை அனுமதிப்பார்களா என்று போவதற்கு முன்பே கேளுங்கள். முதல் நாள் வாசலில் ஆசிரியரோடு வாதாடும் இடம் அல்ல இது. புதிதாக மூக்குக் குத்த நினைப்பவர்கள் திரும்பி வந்து குத்திக்கொள்ளலாம்.

ரெண்டு வாரமாச்சு, யாருமே பேச வரமாட்டேங்கறாங்க. என்னைப் பிடிக்கலையா?

வெறுப்பு இல்லை, ஆங்கிலம் பேச வேண்டிவருமோ என்ற பயம். முதல் வாரத்தில் கூட்டம் கூடும், இரண்டாம் வாரம் கலைந்துவிடும். அதன் பிறகு நட்பு ‘புகாட்ஸு’வில்தான் கிடைக்கும், பள்ளி முடிந்ததும் நடக்கும் மன்றங்கள். வில்வித்தை, தூரிகை எழுத்து, தேநீர்ச் சடங்கு, காற்றுக்கருவி இசை, பூப்பந்து என்று பலவும் உண்டு. பள்ளியில் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் ஒன்றில் சேர்ந்துவிடுங்கள்.

சேரும் முன் மூன்று கேள்வி: வாரத்துக்கு எத்தனை நாள், சனி ஞாயிறு உண்டா, சாமானுக்கு எவ்வளவு ஆகும்? பேஸ்பால், காற்றிசை போன்றவை வாரம் ஆறு நாள் வாங்கிவிடும். பிடித்த நாள் போய், பிடிக்காத நாள் வராமல் இருப்பது அங்கே கிடையாது. வரமுடியாவிட்டால் மூத்தவரிடம் முன்பே சொல்ல வேண்டும். ஒரு வகுப்பு மூத்தவர் என்றாலும் ‘சென்பாய்’தான், அவரிடம் பேச்சு ‘நீங்க’ நடையில் இருக்க வேண்டும். இந்த நீ–நீங்க வேறுபாடு நமக்குப் புதிதில்லை என்பதால் ஆங்கிலம் மட்டும் பேசி வருகிறவர்களைவிட நம் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

டிரெயின் லேட்டானா? சைக்கிள்ல போலாமா?

பள்ளியில் தரும் சான்றிதழைக் காட்டி மாணவர் பயண அட்டை வாங்கினால் சாதாரண பயண அட்டையைவிட மிகவும் மலிவு. ரயில் தாமதமானால் நிலையத்தில் தாமதச் சான்றுச் சீட்டு தருவார்கள், இணையத்திலும் எடுக்கலாம். அதைப் பள்ளியில் கொடுத்தால் தாமதம் கணக்கில் வராது. வண்டிக்குள் கைபேசியில் பேசக் கூடாது. அம்மா கூப்பிட்டால் ‘அப்புறம்’ என்று செய்தி போடுங்கள்.

சைக்கிள் இடது பக்கம்தான், நம்மூர் போலவே. குடை பிடித்து ஓட்டுவது, பின்னால் ஒருவரை ஏற்றுவது, இரவில் விளக்கில்லாமல் போவது எல்லாம் விதிமீறல். 2024 நவம்பர் முதல் கைபேசி பார்த்துக்கொண்டு ஓட்டினால் கடுமையான தண்டனை. 2026 ஏப்ரல் முதல் 16 வயது நிரம்பியவர்களுக்கு அங்கேயே அபராதச் சீட்டு. தலைக்கவசம் போடுங்கள். வண்டி வீட்டுக்காரர் பெயரில் பதிவாகியிருக்கும்; போலீஸ் நிறுத்திக் கேட்டால் சொல்ல அவர் முழுப்பெயரைத் தெரிந்துவைத்திருங்கள். இரவு 11 மணிக்கு மேல் 18 வயதுக்குட்பட்டவர் தனியாகத் திரிந்தாலும் போலீஸ் நிறுத்தும்.

கைச்செலவுக்கு எவ்வளவு? பார்ட் டைம் வேலை பார்க்கலாமா?

வேலை கூடாது. மாணவர் விசாவில் தனி அனுமதி வேண்டும், பரிமாற்றத் திட்டங்கள் அதற்கும் இடம் தராது. தங்கலும் மூன்று வேளைச் சாப்பாடும் குடும்பத்துடையது. நண்பர்களோடு வெளியே சாப்பிடுவது, கைபேசி, சோப்பு சாமான், மன்றச் செலவு உங்களுடையது. இந்திய அட்டை செவன் பேங்க் இயந்திரங்களில் வேலை செய்யும், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கியில் முன்பே திறந்துவைத்தால். கிராமத்துப் பக்கம் கடைகளில் இன்னும் ரொக்கம் வேண்டும். 18 வயதாகாதவர் கைபேசி இணைப்பு வாங்கப் பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்பார்கள். அதைக் கையோடு கொண்டுபோனால் ஒரு வாரம் மிச்சம்.

காய்ச்சல் வந்தா மாத்திரை போட்டுட்டு ஸ்கூலுக்குப் போயிடவா?

போகாதீர்கள். 37.5 டிகிரிக்கு மேல் இருந்தால் வீட்டில் சொல்லுங்கள், அவர்கள் பள்ளிக்குத் தொலைபேசி செய்வார்கள். இன்ஃப்ளூயன்சா உறுதியானால் சட்டப்படி நோய் தொடங்கியபின் 5 நாள், காய்ச்சல் விட்டபின் 2 நாள், இரண்டும் முடியும்வரை பள்ளிக்கு வரக் கூடாது. அந்த நாட்கள் விடுப்பாகக் கணக்கிடப்படாது. தேசியக் காப்பீடு இருந்தால் மருத்துவச் செலவில் 30 சதவீதம் நீங்கள் கட்டுவது. ரசீதை வைத்திருங்கள், திட்டத்தின் காப்பீடு மீதியைத் தரக்கூடும். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119, போலீசுக்கு 110.

பூகம்பம் வந்தா என்ன பண்றது? வீட்டுல ரொம்ப பயப்படறாங்க.

கைபேசி அலறும். ஆட்டம் தொடங்க சில நொடி இருக்கலாம். மேஜைக்குக் கீழே போய் மேஜையின் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெளியே ஓடாதீர்கள். நின்றதும் கதவைத் திறந்து வையுங்கள், காலணி போட்டுக்கொள்ளுங்கள். உடைந்த கண்ணாடிதான் பலருக்குக் காயம் தருவது. கடலோரமாக இருந்தால் எச்சரிக்கைக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போங்கள்.

முதல் வாரத்திலேயே வீட்டுக்காரரோடு புகலிடம் வரை நடந்து பாருங்கள். பெரும்பாலும் பக்கத்துத் தொடக்கப் பள்ளியாக இருக்கும். இந்தியாவில் தொலைக்காட்சியில் ‘ஜப்பானில் நிலநடுக்கம்’ என்று ஓடும்போது, ரிக்டர் எண்ணைவிட உங்கள் ஊரின் ‘ஷிந்தோ’ எண்தான் முக்கியம் என்று பெற்றோருக்குச் சொல்லிவையுங்கள். அது அந்த இடத்தில் எவ்வளவு ஆடியது என்பதை 0 முதல் 7 வரை சொல்லும். 2, 3 எல்லாம் விளக்கு ஆடும் அளவுதான்.

குளிருக்கு என்ன? சென்னைப் பிள்ளை தாங்குமா?

வெளியே இருக்கும் குளிரைவிட வீட்டுக்குள் இருக்கும் குளிர்தான் அதிர்ச்சி. வடக்குத் தீவான ஹொக்கைடோவைத் தவிர பல வீடுகளில் ஆள் இருக்கும் அறையை மட்டும் சூடாக்குவார்கள்; தாழ்வாரமும் கழிவறையும் உறையும். உள்ளே போடும் வெப்ப உடையை அங்கேயே வாங்குங்கள், மலிவு. கொதாட்ஸு என்ற, அடியில் ஹீட்டர் வைத்துப் போர்வை மூடிய மேஜைக்குள் காலை நீட்டித் தூங்கிவிடாதீர்கள், உடம்பு வறண்டு சளி பிடிக்கும். மண்ணெண்ணெய் ஹீட்டர் இருந்தால் அவ்வப்போது சன்னல் திறக்க வேண்டும்.

‘பரவாயில்லை’ன்னாங்க, ஆனா அப்புறம் முகம் சரியில்லை. எப்படிப் புரிஞ்சுக்கறது?

எல்லாக் கேள்விகளிலும் கடினமானது இதுதான். ‘ச்சோத்தோ...’ என்று இழுத்தால் ‘கொஞ்சம்’ என்று பொருள் அல்ல, ‘முடியாது’. ‘தைஜோபு’ என்பது ‘சரி’யும் ஆகும், ‘வேண்டாம்’ என்பதும் ஆகும். கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினால் வேண்டாம். ‘யோசிக்கலாம்’ என்றாலும் பெரும்பாலும் இல்லைதான். நம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது: நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிச் சரி சொல்வது அவர்களுக்கு மறுப்பாகவோ சந்தேகமாகவோ தெரியும். வாயால் ‘ஹாய்’, அதாவது ‘ஆமாம்’ என்று சொல்லிப் பழகுங்கள்.

சந்தேகமானால் இரண்டு வழி கொடுத்துக் கேளுங்கள்: ‘ஆறு மணிக்கு வரட்டுமா, ஏழுக்கு வரட்டுமா?’ மறுக்க வேண்டிய சங்கடம் இல்லாததால் உண்மையான பதில் வரும். நேரம் தவறுவதானால் பத்து நிமிடமென்றாலும் செய்தி அனுப்புங்கள். சமைத்த சாப்பாடு ஆறிப்போய் உட்கார்ந்திருப்பதை யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள். மனதில் மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

அம்மா தினமும் வீடியோ கால்ல வரச் சொல்றாங்க.

ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். இங்கே மாலை ஆறரை, அங்கே இரவு பத்து. தினமும் ஒரு மணி நேரம் தமிழில் பேசினால் அந்த ஒரு மணி நேரம் வீட்டுக் கூடத்தில் நீங்கள் இல்லை, மொழியும் அங்கேயே நிற்கும். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு, அரை மணி. மற்ற நாள் ஒரு படம், ஒரு வரி. பெற்றோர்களுக்கு: பிள்ளை முதல் மாதம் அழுதால் அமைப்புக்குப் போன் போடும் முன் இரண்டு நாள் பொறுங்கள். மூன்றாம் நாள் பள்ளி விழா வந்துவிடும்.

அவங்களுக்கு நம்ம சாப்பாடு செஞ்சு கொடுக்கணும். எது ஈஸி?

எலுமிச்சை சாதம். நான்கு பேருக்கு இரண்டு ‘கோ’ அரிசி (ஒரு கோ 180 மில்லி). அவர்கள் அரிசி ஒட்டும் வகை, எனவே குக்கரின் கோட்டுக்கு மூன்று நான்கு மேஜைக்கரண்டி தண்ணீர் குறைத்து, வெந்ததும் அகலத் தட்டில் பரப்பி ஒரு கரண்டி எண்ணெய் விட்டு ஆறவிடுங்கள். சூடாகக் கிளறினால் களி ஆகிவிடும். மூன்று மேஜைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி கடுகு, ஒரு பிடி வேர்க்கடலை, அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒன்றரை எலுமிச்சை. மிளகாய் ஒன்றோடு நிறுத்துங்கள்.

கடுகு வெடிக்கும்போது மூடி போடுங்கள், எண்ணெய் சுவரில் தெறிப்பதைப் பெரிய குற்றமாகப் பார்ப்பார்கள். மஞ்சள் அவர்களுடைய வெள்ளைப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் பட்டால் போகாது. துவரம்பருப்பும் உளுந்தும் சூப்பர் மார்க்கெட்டில் இருக்காது. ஊரில் இந்திய அல்லது நேபாளி மளிகைக் கடை இருந்தால் கிடைக்கும்.

வீடு ஒத்துவரலை. மாத்தச் சொல்லலாமா?

சொல்லலாம். முதலில் எதுவென்று எழுதிப் பாருங்கள்: சாப்பாடு, நேரக் கட்டுப்பாடு, தனிமை போன்றவை பேசித் தீர்பவை. உங்களுக்கென்று அமைப்பு நியமித்த உள்ளூர்த் தொடர்பாளரிடம் பேசுங்கள், அவர் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார். வகுப்பு நண்பர்களிடம் புலம்பினால் சிற்றூரில் அடுத்த நாளே வீட்டுக்குத் தெரியும். ஆனால் யாராவது தொட்டார்கள், மிரட்டினார்கள், சாப்பாடு தரவில்லை, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றால் பேசித் தீர்க்கும் படி எதுவும் வேண்டாம். அன்றே அமைப்பின் அவசர எண்ணுக்கு அழையுங்கள். மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது இல்லை.

இங்க ஒரு வருஷம் வீணாப் போயிடுமே?

பெரும்பாலும் ஒரு வகுப்பு பின்தங்க நேரும், அதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வதே நேர்மை. கிளம்பும் முன் தலைமையாசிரியரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: இடம் காத்திருக்குமா, எந்த வகுப்பில் சேர்ப்பார்கள், ஜப்பான் பள்ளியின் வருகைச் சான்றில் என்ன இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு போவது எளிது. பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் போவது யாருக்கும் வேண்டாம்.

கிளம்பும்போது ஏதாவது ஃபார்மாலிட்டி?

ஊர் அலுவலகத்தில் குடிபெயர்வுப் படிவம் கொடுத்து, காப்பீட்டை முடித்து, கைபேசி இணைப்பை ரத்து செய்யுங்கள். மூன்றும் கடைசி வாரத்துக்கு முன். அறையை முதல் நாள் இருந்தது போல வைத்து, ஃபுத்தோனை வெயிலில் போட்டு மடித்து வையுங்கள். சைக்கிள் சாவியை மறக்காமல் கொடுங்கள்; அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஊர் வந்து சேருகிறவர்கள் வருடத்துக்கு ஒருவராவது உண்டு. குடியிருப்பு அட்டை விமான நிலையக் குடியேற்ற கவுன்டரில் திருப்பித் தர வேண்டியது. வாசலில் என்ன சொல்வது என்று கேட்பார்கள். ‘சயோனாரா’ வேண்டாம், ‘இத்தே கிமாஸ்’ போதும்.